நன்னனும் தாவீதும்: குற்றம் உணர்தல் பற்றி ஓர் ஒப்புநோக்கு

ஆனைமலைக்கு வெளியூர்களிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் மாசாணியம்மன் கோயிலைத் தேடி வருவோரே. ஆழியாறும் உப்பாறும் கூடும் இடத்தருகே, கிடந்த கோலத்தில் வணங்கப்பெறும் தெய்வம் அது. பொருளைப் பறிகொடுத்தவர், வஞ்சிக்கப்பட்டவர், வழக்காடி ஓய்ந்தவர் ஆகியோர் அங்கே மிளகாயை அரைத்து நீதிக்கல்லின்மேல் பூசி முறையிடுவர். தமக்குத் தீங்கு செய்தவர் யாராயினும் அவர் உடல் எரிய வேண்டும் என்பது அம்முறையீட்டின் பொருள். பிற சமயத்தாரின் நம்பிக்கையை எடை போடுவது என் நோக்கமன்று. நீதி கிடைக்காத எளியவர்க்கு அந்தக் கல் ஒன்றே நீதிமன்றமாக நிற்பதை நான் அறிவேன். ஆயினும் அத்தெய்வத்தைப் பற்றி ஊரார் சொல்லும் கதை, கிறிஸ்தவ வாசகனாகிய என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்து வந்திருக்கிறது.

நன்னன் என்னும் மன்னனுக்கு ஒரு காவல் மாமரம் இருந்தது. அதன் காய் ஒன்று ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற ஒரு பெண் அதை எடுத்துத் தின்றாள். மன்னன் அவளைக் கொல்வித்தான். கொல்லப்பட்டவளே மாசாணி ஆனாள் என்பது கதை. ஆனைமலைக்கு நன்னனூர் என்று பழம்பெயர் உண்டு எனவும் சொல்வர்.

நன்னன் என்ற பெயரில் சங்க காலத்தில் பலர் இருந்தனர். பெண்கொலை புரிந்தவன் மேற்கே ஏழில்மலைப் பகுதியை ஆண்டவன் என்று கருதும் அறிஞர் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று வியப்புக்குரியது. ஊர்கள் பொதுவாக வள்ளல்களையும் வீரர்களையும் தம்மவர் என்று சொந்தம் கொண்டாடும். இவ்வூரோ ஒரு பழிகாரனைத் தன் மன்னன் என்று ஏற்றுக்கொண்டு, அவன் கொன்ற பெண்ணை நினைவில் வைத்துக்கொண்டது. தன் பழியை மறைக்காத ஊரில் இருந்துகொண்டு, குற்றம் உணர்தல் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே.

நீர் கொண்டு வந்த காய்

இக்கதைக்கு மூலமாக நமக்குக் கிடைப்பது குறுந்தொகையின் 292ஆம் பாட்டு. பாடியவர் பரணர். நீராடச் சென்ற ஒரு பெண், புனல் கொண்டு வந்த பசுங்காயைத் தின்ற தவற்றுக்காக நன்னனால் கொல்லப்பட்டாள் என்பதும், அவள் பொருட்டு எண்பத்தொரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தர முன்வந்தபோதும் அவன் கொள்ளவில்லை என்பதும் அப்பாட்டில் வரும் செய்தி. அது என்ன காய் என்று அப்பாட்டு கூறவில்லை. பரணரே பாடிய 73ஆம் குறுந்தொகைப் பாட்டில் நன்னனுடைய நறிய மா பேசப்படுவதால், அதனை மாங்காய் என்று கொள்வர்.

பாட்டின் சில அடிகளுக்குள் பரணர் எத்தனை அளவைகளை அடுக்கியிருக்கிறார் என்று நோக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரே ஒரு காய். அதுவும் பழுக்காத காய். பறித்ததன்று, நீர் தந்தது. மறுபக்கம் எண்பத்தொரு யானை, ஒரு பெண்ணின் எடைப் பொன். இழப்புக்கும் ஈட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டவே புலவர் எண்ணிச் சொல்கிறார். அந்த ஈட்டையும் தள்ளிவிட்டு மன்னன் ஓர் உயிரைக் கேட்கிறான்.

நன்னனின் குற்றம் எங்கே தொடங்குகிறது? காவல்மரம் அரசின் மானத்துக்கு அடையாளம். அதன் காயைத் தின்றவர்க்குத் தண்டனை உண்டு என்பது அவன் நாட்டு வழக்காய் இருந்திருக்கலாம். சினத்தில் ஆணையிட்டான் என்று வைத்துக்கொண்டாலும், யானைகளும் பொன்னும் வந்து நின்றபோது அவனுக்கு ஒரு நேரம் கிடைத்தது. திரும்பிப் பார்க்கவும், ஆணையை மாற்றவும் கிடைத்த நேரம் அது. அவன் மறுத்தது யானைகளை மட்டுமன்று. தான் தவறியிருக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் மறுத்தான். இறங்கி வந்தால் மானம் போகும் என்று அஞ்சியவனுடைய பெயர், பெண்கொலை என்னும் அடைமொழியோடு இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அவன் காத்த மரமும் நிற்கவில்லை. கோசர் அதை வெட்டி வீழ்த்தியதை 73ஆம் பாட்டு குறிப்பிடுகிறது.

தோழியின் சாபம்

இனி, இப்பாட்டைப் படிப்போர் பலரும் கவனியாது விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நன்னனைப் பற்றிய பாட்டன்று. குறிஞ்சித் திணையில் அமைந்த அகப்பாட்டு. தலைவன் இரவில் வந்து வேலிப்புறம் நிற்க, அவன் கேட்குமாறு தோழி பேசுகிறாள். ஒரு நாள் சிரித்த முகத்துடன் விருந்தினனாய் ஒருவன் வந்தான். அன்று முதல் அன்னை, பகைவர் முற்றிய போர்முனை ஊரைப்போலத் தூக்கமின்றிக் காவல் காக்கிறாள். பெண்கொலை புரிந்த நன்னனைப் போல அவளும் மீளா நரகத்துக்குச் செல்வாளாக! இதுவே தோழியின் கூற்று.

ஒரு தாய் இரவில் விழித்திருப்பதற்கும் ஒரு மன்னன் பெண்ணைக் கொன்றதற்கும் என்ன ஒப்புமை? அன்னை செய்தது தவறே அன்று. மறைவில் ஒழுகுபவர்கள் தோழியும் தலைவியுமே. ஆயினும் தன் விருப்பத்துக்குத் தடையாக நிற்பவரின் செயல் தோழிக்கு மலைபோலத் தெரிகிறது. தன் ஒளிவு அவள் கண்ணுக்குப் படவில்லை. தலைவனை விரைந்து மணம் புரியத் தூண்டுவதற்காகவே இவ்வாறு மிகைப்படுத்தினாள் என்பது அகப்பொருள் மரபு தரும் விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மிகையிலேயே மனித மனத்தின் ஓர் உண்மையைப் பரணர் பதித்துவிட்டார். பெரும் பாவிகளின் கதைகளை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும், பக்கத்தில் இருப்பவரை அடிக்க ஒரு கோலாகப் பயன்படுத்துகிறோம். மறையுரையில் பரிசேயரைப் பற்றிக் கேட்கும்போது நம் நினைவுக்கு வருபவர் யார்? மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் இன்னொருவர்தாமே!

ஏழையின் ஆட்டுக்குட்டி

நன்னனுக்கு எதிரே நிறுத்தத்தக்க மன்னன் தாவீது. அவனுடைய குற்றம் நன்னனுடையதினும் சிறிதன்று. சாமுவேல் இரண்டாம் நூலின் 11ஆம் அதிகாரம் அதனை ஒளிவின்றிக் கூறுகிறது. வீரர்கள் களத்தில் நிற்க, மன்னன் அரண்மனை மாடியில் உலாவினான். உரியாவின் மனைவி பத்சேபாவை வரவழைத்தான். அவள் கருவுற்றதும் அதை மறைக்க முயன்றான். முயற்சி பலிக்காதபோது, உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி ஒரு மடல் எழுதி, அம்மடலை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். தன் சாவை எழுதிய ஓலையைத் தானே சுமந்து சென்ற அந்த வீரனின் நேர்மையை நினைத்தால் நெஞ்சு நடுங்கும்.

12ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். அவர் மன்னனைக் குற்றம் சாட்டவில்லை. ஒரு வழக்கைச் சொல்கிறார். ஆடுமாடுகள் மிகுந்த ஒரு செல்வன், தன் விருந்தினனுக்குச் சமைக்கத் தன் மந்தையைத் தொடாமல், ஓர் ஏழை மகள்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான். தாவீது கொதித்தெழுந்தான். அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்றான். ஆட்டுக்குட்டிக்கு ஈடாக நான்கு மடங்கு கொடுக்க வேண்டும் என்றான். அந்த மனிதன் தாவீதே என்று நாத்தான் சுட்டினார்.

பிறர் குற்றத்தில் நீதி கேட்டு எழும் சினம், தன் குற்றத்தை மறைத்துக்கொள்ள நல்ல திரை என்பதை இக்கதையைவிடக் கூர்மையாகச் சொன்ன இலக்கியத்தை நான் அறியேன். தோழியின் சாபமும் தாவீதின் சினமும் ஒரே மண்ணில் முளைத்தவை. ஆனால் தாவீதின் சினம் திரும்பி அவன் மார்பிலேயே பாய்கிறது. அந்தக் கணத்தில் அவனுக்கும் நன்னனுக்குக் கிடைத்த அதே நேரம் கிடைத்தது. நாத்தானைச் சிறையிலிட அவனுக்கு அதிகாரம் இருந்தது. போர்க்களத்தில் வீரர் மடிவது இயல்பு என்று வாதாட வாயும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். காரணம் கூறவில்லை, பத்சேபாவின் மேல் பழி போடவும் இல்லை. மனத்தாழ்மை என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு விவிலியம் தரும் உருவம் இதுவே. தாழ்மை என்பது தன்னை இழிவாகப் பேசிக்கொள்வதன்று. உண்மை எதிரே வந்து நிற்கும்போது அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதே தாழ்மை.

தாவீது அன்று பாடியது என்று மரபு கூறும் திருப்பாடலை நம் முதியோர் 50ஆம் சங்கீதம் என்றே அறிவர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது 51ஆம் திருப்பாடல். தவக்காலந்தோறும் நாம் பாடும் அந்தப் பாட்டில் ஓர் இடம் என்னை உறுத்துவதுண்டு. பாவம் செய்தவன், கடவுள் ஒருவருக்கு எதிராகவே பாவம் செய்ததாகக் கூறுகிறான். அப்படியானால் உரியா எங்கே? பத்சேபா எங்கே? அயலாருக்கு இழைக்கும் தீங்கு யாவும் முடிவில் அவரைப் படைத்தவருக்கே இழைக்கும் தீங்கு என்று விளக்கம் தருவர். அது மெய்யே. எனினும், உரியாவின் தாய் உயிரோடு இருந்து அப்பாடலைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்ற கேள்வியை நம் மனத்திலிருந்து எளிதில் அகற்ற முடியவில்லை. கடவுளிடம் அழுதுவிட்டு, அயலார் வீட்டுப் படியேறாமல் தப்பித்துக்கொள்ளும் பக்திக்கு அந்தப் பாடல் இடம் கொடுத்துவிடக் கூடாது.

நான்கு மடங்கு

இக்கேள்விக்கு விடை புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயு, வரிதண்டுவோரின் தலைவன், செல்வன், ஊராரால் வெறுக்கப்பட்டவன். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் அவன் எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான்.

நான்கு மடங்கு என்பது தாவீது கேட்ட அதே அளவு. களவுபோன ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது மோசேயின் சட்டம். தாவீது அதைப் பிறனொருவனிடம் கேட்டான். சக்கேயு அதைத் தன்மீதே விதித்துக்கொண்டான். சட்டம் அதே சட்டந்தான். அதைக் கையில் எடுத்தவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்பதில்தான் வேறுபாடு. நன்னனோ, தானாக வந்த ஈட்டையும் தள்ளியவன். இம்மூவரையும் ஒருங்கே நிறுத்திப் பார்த்தால் மனந்திரும்புதலின் படிகள் தெளிவாகும். குற்றத்தைக் காண மறுப்பது ஒரு நிலை. கண்டு கடவுளிடம் அறிக்கையிடுவது அடுத்த நிலை. தீங்குற்றவரின் முன் நின்று ஈடு செய்வது நிறைவான நிலை.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஒப்புரவு அருட்சாதனம் பற்றிப் பேசும் இடத்தில், பல பாவங்கள் அயலாருக்குத் தீங்கு விளைவிப்பதால், இயன்ற வரை அத்தீங்கை ஈடு செய்தாக வேண்டும் என்கிறது. திருடியதைத் திருப்பித் தருவதோடு, கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதையும் அதில் சேர்க்கிறது. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் என்று நம் பாட்டிமார் விரல் மடக்கி எண்ணியபோது, கடைசி விரலைப் பலரும் சில செபங்களோடு முடித்துக்கொண்டோம். அருள்தந்தை கொடுத்த செபங்கள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். பகைத்தவரின் வீட்டுக்கு நடக்கும் தூரம் அவ்வளவு எளிதில் தீராது.

தழுவாத புலவரும் தழுவிய தந்தையும்

நன்னன் கதை நன்னனோடு முடியவில்லை. புறநானூற்றின் 151ஆம் பாட்டில் அது தொடர்கிறது. இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஓரிடத்தில் ஒருங்கிருந்தபோது, பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் வந்தார். கண்டீரக்கோவைத் தழுவினார், விச்சிக்கோவைத் தழுவவில்லை. என்னை ஏன் தழுவவில்லை என்று அவன் கேட்டான். நீயும் தழுவத் தக்கவனே. ஆயினும் நன்னன் மரபில் வந்தவன் நீ. பாடுவோர்க்குக் கதவடைத்த மரபு உன் மரபு. ஆதலால் எம்மவர் உன் மலையை விலக்கினர் என்று புலவர் விடையிறுத்தார். பெண்கொலைப் பழியையும் இதனோடு சேர்த்துப் படிப்பது வழக்கம்.

அந்த இளைஞனுக்கு இரக்கப்படாமல் இருக்க முடியவில்லை. முன்னோன் செய்ததற்கு அவன் என்ன செய்வான்? எனினும் புலவர் அவனிடம் உண்மையை முகத்துக்கு நேரே சொன்னார். அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பது பாட்டில் இல்லை. அடைத்த கதவைத் திறந்தானா, அன்றிச் சினந்து போனானா என்பதை அறியாமலே பாட்டு முடிகிறது. ஒரு குலம் தன் பழியை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வி அங்கே விடையின்றித் தொங்குகிறது.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் அக்கேள்வியைத் தொடுகிறது. ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில், தாவீதுக்குச் சாலமோனைப் பெற்றவளைக் குறிப்பிடும்போது, பத்சேபா என்று எழுதாமல், உரியாவின் மனைவி என்று மத்தேயு எழுதுகிறார். மீட்பரின் வம்சாவளியில், கொல்லப்பட்டவனின் பெயர் அழியாமல் நிற்கிறது. குடும்பப் பெருமை பேச வேண்டிய இடத்திலேயே குடும்பப் பழி பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் ஆண்டவர் அந்தப் பட்டியலுக்குள் பிறக்க வெட்கப்படவில்லை. விச்சிக்கோவைப் புலவர் தழுவவில்லை. தொலைநாட்டில் பன்றி மேய்த்து, அறிவு தெளிந்து வீடு திரும்பிய இளைய மகனையோ, அவன் சொல்ல நினைத்ததை முழுதும் சொல்லி முடிக்குமுன் தந்தை ஓடிவந்து தழுவினார். தழுவல் அறிக்கைக்கு முன்னே வந்தது. ஆனால் மகன் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகே வந்தது.

மலைமேல் நடந்தவை

கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நமக்கும் குலப்பழிகள் உண்டு. ஆனைமலைக்கு மேலே வால்பாறைத் தேயிலைக் காடுகள் உள்ளன. அங்குள்ள தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், தொழிலாளர் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதி 1969இல் வெளியிட்டார். அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். 2007இல் அது வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் காட்டி அழைத்து வரப்பட்ட கருப்பனும் வள்ளியும், மலையேறிய பின் கடனிலும் குளிரிலும் மலேரியாக் காய்ச்சலிலும் சிக்கி மீள முடியாது தவிப்பதை அந்நாவல் காட்டுகிறது.

கிறிஸ்தவ வாசகர் இந்நாவலைப் படிக்கும்போது, அதில் வரும் ஆபிரகாம் என்ற நல்ல மருத்துவரோடு தம்மை இயல்பாக ஒன்றாக்கிக்கொள்கிறார். நானும் முதன்முறை அவ்வாறே படித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான், அத்தோட்டங்களை நடத்திய துரைமாரும் கிறிஸ்துவின் பெயர் தாங்கியவர்களே என்பது உறைத்தது. நற்செய்தியைக் கையில் வைத்திருப்பது ஒருவரை நாத்தான் ஆக்கிவிடாது. தாவீதாகவும் நிறுத்தலாம், மனந்திரும்பாத தாவீதாகவும் நிறுத்தலாம்.

அந்நியரை விடுவோம். நம் ஆலயங்களுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு கல்லறை என்று பிரித்து வைத்தவர் நாமல்லவா? வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்து ஆலயத்துள் நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதன்பின் வழக்கு மன்றம் வரை பூசல் சென்றது. சுவரைக் கட்டியபோது வராத வேதனை, இடித்தபோது வந்தது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழகத்து ஆயர்கள் உரோமை சென்றபோது, திருச்சபைக்குள் நிலவும் சாதிப் பாகுபாட்டைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடமே எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, அப்பாகுபாடு நம்மிடையே இருப்பதை ஒப்புக்கொண்டது. அதே திருத்தந்தை 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், தவக்கால முதல் ஞாயிறன்று, திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த தவறுகளுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். எதிரிகளுக்கு இது வாய்ப்பாகிவிடாதா என்று அந்நாளில் கவலைப்பட்டவர் பலர். நன்னனின் அவையிலும் அப்படிச் சொல்ல ஆட்கள் இருந்திருப்பர்.

என் தோப்பில்

இவ்வளவும் எழுதிவிட்டு இங்கே நிறுத்தினால், தோழியின் நிலையில்தான் நானும் நிற்பேன். நன்னனையும் துரைமாரையும் காட்டி என்னை மறைத்துக்கொண்டவன் ஆவேன். ஆகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சிறிய தென்னந்தோப்பு ஒன்று உண்டு. ஆழியாற்று வாய்க்கால் அதன் ஓரமாகச் செல்கிறது. கீற்று முடைய வரும் பெண்களில் மூத்தவர் ஒருவர், ஒரு நாள் வேலை முடிந்து புறப்படும்போது சேலைத் தலைப்பில் ஒரு தேங்காயை முடிந்திருப்பதைக் கண்டேன். முந்தின வாரம் காய் குறைந்திருந்தது. கூட இருந்தவர்கள் முன்னிலையில், என்னினும் பத்து வயது மூத்த அவரை ‘நீ’ என்று விளித்துத் திருடி என்றேன். காயை வாங்கி வைத்துக்கொண்டேன். வாய்க்காலில் வந்ததுங்க என்று அவர் சொன்னார். மேல்தோப்புகளிலிருந்து காய் மிதந்து வருவது எல்லாரும் அறிந்ததே. நான் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவர் வரவில்லை. குறைந்த காய்க்கு வேறு காரணம் இருந்தது பின்னர் தெரிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த ஆண்டு தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னேன். அருள்தந்தை மெல்லக் கேட்டார்: “இதை அந்த அம்மாவிடம் சொன்னீர்களா?” சொல்லவில்லை என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் வலியுறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து குறுந்தொகையைப் பிரித்தபோது, பல்லாண்டுகளாக நான் சிலாகித்துப் பேசிய பாட்டு, நீர் கொண்டு வந்த காயோடு என்னை நோக்கி நின்றது. நாத்தான் இறைவாக்கினர் உடையில்தான் வருவார் என்று யார் சொன்னது?

ஒரு மாதம் தயங்கியபின் அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கிட்டத் தனியா வந்து சொல்றீங்க. அன்னைக்கு நாலு பேரு முன்னால அல்லங்க சொன்னீங்க?” என்றார். குரலில் சினம் இல்லை. கணக்குச் சொல்வது போல இருந்தது.

அடுத்த முறை தோப்பில் காய் வெட்டும் நாளில், அவரையும் வரச் சொல்லி, அன்று இருந்தவர்கள் நடுவில் நின்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு வாக்கியங்கள். அதற்குள் நா வறண்டுவிட்டது. ஆயிரம் பேர் கூடிய இலக்கிய மேடைகளில் தடுமாறாத எனக்கு, ஆறு பேர் முன்னால் அது நேர்ந்தது. அவர் கேட்டுக்கொண்டு, கீற்றை எடுத்து முடையத் தொடங்கினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. இப்போது மறுபடியும் வேலைக்கு வருகிறார். நான் அவரை ‘வாங்க’ என்றே அழைக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

இதனை நற்செயலாகக் காட்டி எழுதவில்லை. அப்படித் தொனித்தால் வாசகர் பொறுத்தருள வேண்டும். ஆலயத்தின் முன்புறம் நின்று தன் நற்செயல்களை அடுக்கிய பரிசேயரைப் போலவே, தன் பாவ அறிக்கையையும் அணியாகப் பூணும் ஆபத்து எழுதுகிறவனுக்கு உண்டு. தாழ்மையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே அது கைநழுவத் தொடங்குகிறது. தொலைவில் நின்ற வரிதண்டுபவரோ மிகக் குறைவாகவே பேசினார்.

நன்னனுக்கு எண்பத்தொரு யானைகள் வந்தன. நமக்கு வருபவை சிறியவை: அருள்தந்தையின் ஒரு கேள்வி, மனைவியின் மௌனம், பிள்ளை கேட்கும் ஏன் என்ற சொல், என்றோ படித்த ஒரு பாட்டு. அவை வாசலில் வந்து நிற்கும் நேரமே நமக்குக் கடவுள் தரும் நேரம். திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்து மும்முறை மார்பில் தட்டிக்கொள்கிறோம். அந்தக் கை அடுத்தவர் தோளை நோக்கி நீளாமல் நம் மார்பிலேயே விழும்படி திருவழிபாடு நம்மைப் பழக்குகிறது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் பணித்தார். வரும் ஞாயிறு காணிக்கைப் பவனி தொடங்குமுன், நாம் யார் வீட்டுப் படியை மிதிக்காமல் விட்டிருக்கிறோம் என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தல் நலம்.